பெரிய வெள்ளியும் ஞாயிற்றுக்கிழமை டியூஷனும்

மலேசியாவில் பெரிய வெள்ளி சபாவிலும் சரவாக்கிலும் மட்டும்தான் பொது விடுமுறை. கிறிஸ்துமஸுக்கு நாடு முழுவதும் விடுமுறை உண்டு. ஆனால் கிறிஸ்தவ ஆண்டின் மிக ஆழமான நாள் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் வழக்கமான வேலை நாளாகவே கழிகிறது. பிரிக்பீல்ட்ஸில் படிக்கிற மாணவியும் கிள்ளானில் படிக்கிற மாணவனும் அன்று காலை சீருடை போட்டாக வேண்டும். வகுப்பில் சோதனை வைத்திருந்தாலும் வியப்பில்லை. இத்தனைக்கும் அந்த நாள் திடீரென்று வந்து நிற்பதில்லை. 2026இல் ஏப்ரல் 3, 2027இல் மார்ச் 26 என்று வரப்போகும் ஆண்டுகளின் தேதிகளை இன்றே பார்த்துவிடலாம். இருந்தும் பல வீடுகளில் அந்தக் கேள்வி வியாழக்கிழமை இரவுதான் எழுகிறது: நாளைக்குப் பள்ளிக்கூடமா, ஆராதனையா? அந்த நேரத்தில் நிதானமாக யோசிக்க முடியாது. ஆசிரியர் என்ன சொல்வாரோ என்ற பயம், தோழி அனுப்பிய செய்தி, தேய்த்து வைத்த சீருடை எல்லாம் சேர்ந்து முடிவை எடுத்துவிடும். அங்கே விசுவாசம் தோற்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அதன் கருத்தை யாரும் கேட்கவே இல்லை. உங்கள் வயதில் விசுவாசத்துக்கு முதலிடம் கொடுக்க வேண்டுமென்றால், சோதனை வருவதற்கு முன்பே, மனம் அமைதியாக இருக்கும்போதே முடிவுகளை எடுத்து வைத்துவிட வேண்டும். இந்த அத்தியாயத்தில் நான் வாதாட நினைப்பது இதைத்தான்.

இதற்கு வேதாகமத்திலேயே தெளிவான சான்று இருக்கிறது. தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் வருகிற நான்கு இளைஞர்களும் உங்களைப் போலவே வேறொரு பெரிய சமூகத்துக்குள் சிறுபான்மையாக வாழ்ந்தவர்கள். பாபிலோனின் மொழியையும் இலக்கியத்தையும் அவர்கள் படித்தார்கள். அந்நியப் பெயர்களை ஏற்றுக்கொண்டார்கள். அரசு வேலைக்குத் தயாரானார்கள். இவை எதற்கும் தானியேல் மறுப்புச் சொல்லவில்லை. அரசனின் பந்தி உணவு என்ற ஒன்றில் மட்டும் கோடு போட்டான், அதுவும் தட்டு முன்னால் வந்தபின் அல்ல, முன்னதாகவே உள்ளத்தில் தீர்மானித்து. மேலதிகாரி தயங்கியபோது கோபப்படவில்லை. பொறுப்பாளரிடம் போய், பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று மரியாதையாகக் கேட்டான். ஆறாம் அதிகாரத்தில் அவன் முதியவன். அரசனைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது என்று சட்டம் வந்தபோதும் தினம் மூன்று முறை ஜெபித்தான். முன்பு செய்து வந்ததையே அப்போதும் செய்தான் என்று வேதம் குறிப்பாகச் சொல்கிறது. சிங்கக் கெபியைப் பற்றிய பிரசங்கங்களில் இந்தச் சிறு விவரம் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. என் பார்வையில் அந்தக் கதையின் எலும்பே அதுதான். தானியேலின் வீரம் அந்த ஒரு நாளில் பிறந்ததல்ல. நெருக்கடி வந்தபோது அவன் புதிதாக எதையும் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆராய்ச்சியாளர்களும் வேறு வழியாக இதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். எந்த இடத்தில், எந்த நேரத்தில் எழுதுவோம் என்று முன்பே குறித்து வைத்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் சொன்ன கெடுவுக்குள் எழுதி முடித்தார்கள். எழுத வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே முடித்தார்கள். பின்னர் 2006இல் இத்தகைய 94 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோதும், இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன் என்று முன்பே சொல்லி வைப்பவர்கள் வெறும் நல்லெண்ணம் உள்ளவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்று தெரிந்தது. பழக்கம் படிவது பற்றி லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி நடத்திய ஆய்வும் உங்களுக்கு உதவும். அதில் 96 பேர் கலந்துகொண்டார்கள். தினமும் ஒரே சூழலில் செய்கிற சிறு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள் வரை போகும் என்றும் கணக்கிடப்பட்டது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய கெடுதி ஏதும் நேரவில்லை. வாலிபர் முகாமில் கண்ணீரோடு எடுத்த தீர்மானம் மூன்றே வாரத்தில் கரைந்துவிட்டது என்று வருந்துகிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் தீர்மானம் பொய்யானதல்ல. அதற்கு ஓர் இடமும் ஒரு நேரமும் கொடுக்கப்படவில்லை, பழகுவதற்கு வேண்டிய நாள்களும் கிடைக்கவில்லை.

ஆகவே இடமும் நேரமும் கொடுங்கள். ஆண்டின் தொடக்கத்தில் பள்ளி நாட்காட்டியையும் சபை நாட்காட்டியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெரிய வெள்ளி பள்ளி நாளில் வந்தால் என்ன செய்வது என்று ஜனவரியிலேயே வீட்டில் பேசி முடித்துவிடலாம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இது சற்று எளிது. பாடுகளின் வழிபாடு வழக்கமாகப் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் நடக்கும், வெள்ளிக்கிழமைகளில் பள்ளியும் சீக்கிரம் விட்டுவிடும். மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளில் ஆராதனை காலையிலோ நண்பகலிலோ இருந்தால் விடுப்பு எடுக்க வேண்டிவரும். அப்பாவோ அம்மாவோ எழுதிய கடிதத்தை ஒரு வாரம் முன்னதாக வகுப்பாசிரியரிடம் கொடுத்து, அன்றைய பாடத்தையும் சோதனையையும் எப்போது ஈடுசெய்வது என்று நீங்களே கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இதை மதிப்பார்கள். காரணம் சொல்லாமல் வராமல் இருந்துவிட்டு மறுநாள் வயிற்றுவலி என்று சொல்வதுதான் மதிப்பைக் கெடுக்கும். கிறிஸ்துவின் மரணத்தை நினைவுகூரும் நாளுக்காக ஒரு பொய் சொல்வது எவ்வளவு வேதனையான முரண்பாடு என்று எண்ணிப் பாருங்கள்.

அன்றாட ஜெபத்துக்கும் வேதவாசிப்புக்கும் இதே முறைதான். இன்றிலிருந்து அதிகமாக ஜெபிப்பேன் என்று சொல்வதால் பயன் குறைவு. காலையில் கைப்பேசியைத் திறப்பதற்கு முன் ஒரு சங்கீதம் வாசிப்பேன் என்பது நிற்கும். கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல் பக்கம் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஷா ஆலாம் நிலையம் வரும்வரை நற்செய்தியில் ஓர் அதிகாரம், அதன்பிறகுதான் மற்றது என்று வைத்துக்கொண்டால் ரயிலே உங்களுக்கு நினைவூட்டும். பத்து நிமிடம் போதுமா என்று கேட்காதீர்கள். தினமும் நடக்கிற பத்து நிமிடம், மாதம் ஒருமுறை குற்ற உணர்ச்சியில் செய்கிற ஒரு மணி நேரத்தைவிட உங்களை அதிகம் உருவாக்கும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். மிக வலுவானது உங்கள் வீட்டிலேயே எழும். படிப்பு முக்கியமில்லையா? எஸ்பிஎம் பரீட்சை வருகிறது, கணக்கு டியூஷன் ஞாயிறு காலையில்தான் கிடைக்கிறது, ஆலயத்துக்கு அப்புறம் போய்க்கொள்ளலாமே? இதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. தோட்டத்திலிருந்தும் ரயில்வே குடியிருப்புகளிலிருந்தும் நம் குடும்பங்கள் மேலே வந்தது படிப்பால்தான். உங்கள் பாட்டனாருக்குக் கிடைக்காத வாய்ப்பு உங்கள் கையில் இருப்பதை எண்ணித்தான் பெற்றோர் பதறுகிறார்கள். அந்தப் பதற்றம் அன்பிலிருந்து வருவது. கிறிஸ்தவமும் கல்வியும் இந்த மண்ணில் ஒருநாளும் எதிரிகளாக இருந்ததில்லை. கோலாலம்பூர் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி 1897இல் தொடங்கியது. புக்கிட் நானாஸ் கான்வென்ட் 1899இலும், லாசால் சகோதரர்களின் செயின்ட் ஜான்ஸ் 1904இலும் வந்தன. அவற்றை நிறுவியவர்கள் விசுவாசத்துக்கு முதலிடம் கொடுத்தவர்கள்தான். அதனால்தான் பள்ளிகளைக் கட்டினார்கள். எனவே நன்றாகப் படிப்பது உங்கள் விசுவாசக் கடமைகளில் ஒன்று. படிக்காமல் இருப்பதற்குச் சபை வேலையைச் சாக்காகச் சொல்கிறவருக்கு இந்த அத்தியாயம் துணை நிற்காது.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். வாரத்தில் 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56 போனால் 112 மிஞ்சும். ஞாயிறு ஆராதனைக்கும் போய் வருவதற்கும் மூன்று மணி நேரம் என்று வைத்தாலும் அது விழித்திருக்கும் நேரத்தில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. எஸ்பிஎம்மில் ஒரு தரம் இறங்குவதற்கு அந்த மூன்று மணி நேரமே காரணம் என்று நம்ப என்னால் முடியவில்லை. இரவு கட்டிலில் கைப்பேசியோடு போகிற நேரம் எவ்வளவு என்பதை அந்தக் கருவியே எண்ணி வைத்திருக்கிறது, திறந்து பாருங்கள். இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கிளந்தானிலும் திரங்கானுவிலும் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு அங்கே பள்ளி நாள். அதனால் அங்குள்ள சபைகள் வெள்ளிக்கிழமையிலும் ஆராதனை நடத்துகின்றன. கூடிவருவதை அவர்கள் கைவிடவில்லை, அதற்கு இன்னொரு நாளையும் ஒதுக்கிக்கொண்டார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் உங்களுக்கு ஞாயிறு காலை சும்மா கிடைத்திருக்கிறது. டியூஷன் ஆசிரியரிடம் வேறு நேரம் கேளுங்கள். முடியாவிட்டால் கத்தோலிக்கர் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குப் போகலாம், மற்றவர்கள் தங்கள் சபையில் இரண்டாம் ஆராதனை உண்டா என்று பார்க்கலாம். எதற்கும் வழியில்லை, அந்த ஒரு வகுப்பைத்தான் விட வேண்டும் என்றால், விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். இழப்பு எதுவும் வராது என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், வரலாம். மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் தேவனுடைய ராஜ்யத்தை முதலாவது தேடச் சொல்கிற பகுதி, உணவுக்கும் உடைக்கும் கவலைப்படுகிறவர்களிடம் பேசப்பட்டது. வசதியாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு அல்ல, நாளைய பாட்டை எண்ணிப் பதறுகிற குடும்பங்களுக்குத்தான் அது சொல்லப்பட்டது. அந்தத் தேவைகளைப் பிதா அறிந்திருக்கிறார் என்ற உறுதியும் அங்கேயே இருக்கிறது.

பெற்றோரே மறுத்தால்? சண்டை போடாதீர்கள். தானியேல் பொறுப்பாளரிடம் பத்து நாள் கேட்டதுபோல நீங்கள் ஒரு தவணை கேளுங்கள். இந்தத் தவணையில் ஞாயிறு காலையை எனக்கு விடுங்கள், மதிப்பெண் குறைந்தால் மறுபடி பேசுவோம் என்று சொல்லி, அந்த வாக்கைக் காப்பாற்றும் அளவுக்குச் சனிக்கிழமை படியுங்கள். பெற்றோர் கிறிஸ்தவரல்லாத வீடுகளில் நிலைமை வேறு. கூட்டரசு அரசியலமைப்பின் பன்னிரண்டாம் விதி, பதினெட்டு வயது வரை ஒருவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ தீர்மானிப்பார் என்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளை ரகசிய ஞானஸ்நானத்துக்குத் தூண்டுகிறவர்களை நம்பாதீர்கள். காத்திருப்பதும் விசுவாசம்தான்.

அடுத்த எதிர்வாதம் உங்கள் வயதினரிடமிருந்தே வருவது: மனம் வராமல் வெறும் பழக்கத்துக்காக ஆலயத்துக்குப் போவது வேஷம்தானே? நேர்மையான கேள்வி இது. அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டியன் ஸ்மித் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரிடம் ஆய்வு செய்து 2005இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களில் பலர் சமயம் தங்களுக்கு முக்கியம் என்றார்கள். ஆனால் எதை விசுவாசிக்கிறீர்கள் என்று கேட்டபோது வார்த்தை வராமல் தடுமாறினார்கள். நல்லவனாக இரு, மகிழ்ச்சியாக இரு, தேவைப்பட்டால் கடவுள் வருவார் என்பதற்கு மேல் அவர்களால் செல்ல முடியவில்லை. அமெரிக்காவின் முடிவை அப்படியே இங்கே பொருத்தக்கூடாது. ஆனால் நம் பிள்ளைகளிடமும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். உள்ளீடற்ற பழக்கத்தின் ஆபத்து மெய்யானது. அதற்கு மருந்தாகப் பழக்கத்தை விட்டுவிடுவது, பசி இல்லை என்பதற்காகச் சமையலறையையே இடித்துவிடுவது போலாகும். பழக்கத்துக்குள் பொருளை நிரப்புவதுதான் வழி. கிறிஸ்துவை நான் ஏன் நம்புகிறேன் என்பதை நான்கைந்து வாக்கியங்களில், உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில் எழுதிப் பாருங்கள். தடுமாறும் இடத்தைப் போதகரிடமோ ஃபாதரிடமோ கொண்டுபோய்க் கேளுங்கள். எஸ்பிஎம்மில் வேதாகம அறிவு விருப்பப் பாடமாகவே இருக்கிறது. லூக்கா நற்செய்தியையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் ஆழமாகப் படிக்கச் செய்யும் பாடம் அது. சில சபைகள் அதற்கு வகுப்பு நடத்துகின்றன. சந்தேகம் வந்த நாள்களிலும் ஆலயத்துக்குப் போகிறவன் வேஷக்காரன் அல்ல. உள்ளத்தில் இல்லாததை இருப்பதாகப் பிறரிடம் காட்டிக்கொள்கிறவனே வேஷக்காரன். சங்கீதங்களில் பல புலம்பலாக இருப்பது நமக்கு எவ்வளவு பெரிய அனுமதி!

முதலிடம் என்பது ஆலயத்துக்குப் போகும் நேரத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. 2014இல் யுபிஎஸ்ஆர் கேள்வித்தாள்கள் கசிந்தன. அதனால் நாடு முழுவதும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அறிவியல், ஆங்கிலத் தாள்களை மறுபடி எழுத வேண்டியதாயிற்று. இன்று பரீட்சைக்கு முந்தைய இரவில் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ கசிந்த தாள் என்று ஒரு படம் வந்தால் என்ன செய்வீர்கள்? அந்த இரவில் யோசிக்கத் தொடங்கினால் நூறு நியாயம் தோன்றும். எல்லோரும் பார்த்துவிட்டார்கள், உண்மையான தாளாக இருக்காது, பார்ப்பதில் என்ன. வந்தால் திறக்காமல் அழிப்பேன், யாருக்கும் அனுப்ப மாட்டேன் என்று இன்றே சொல்லி வைத்தவருக்கு அந்த விவாதமே தேவையில்லை. ஒருவரைக் கேலி செய்யும் குழுவில் சேர்க்கப்படும்போதும், காதல் உறவில் எல்லை மீறச் சொல்லி வற்புறுத்தப்படும்போதும், மாலை வேளையில் யாராவது பீர் நீட்டும்போதும் இதுவே. அந்த இடத்தில் சொல்லப்போகும் வாக்கியத்தை முன்பே வாயில் பழக்கி வையுங்கள். எனக்கு வேண்டாம்டா, நான் கிளம்புறேன் என்பது போதும், பிரசங்கம் தேவையில்லை.

மூன்றாவது எதிர்வாதம் நாம் வாழும் நாட்டைப் பற்றியது. இப்படிச் சமயத்தை முன்னால் நிறுத்தினால் நண்பர்களிடமிருந்தும் சொந்தங்களிடமிருந்தும் பிரிந்துவிட மாட்டோமா? 2010 மக்கள்தொகைக் கணக்கின்படி மலேசிய இந்தியர்களில் நூற்றுக்கு 86 பேர் இந்துக்கள், 6 பேர் கிறிஸ்தவர்கள். உங்கள் மாமா வீட்டில் தீபாவளி இருக்கும், சித்தி மகன் பத்துமலையில் காவடி எடுப்பான், வகுப்பில் பக்கத்தில் இருப்பவள் நோன்பு வைத்திருப்பாள். இவர்களை விட்டு விலகுவது விசுவாசம் அல்ல. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், விசுவாசியாயிராத ஒருவர் விருந்துக்கு அழைத்தால் போய், வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம் என்கிறார். பூசையில் பங்கெடுப்பதைத்தான் வேறாகப் பிரிக்கிறார். தீபாவளி விருந்தில் அத்தையின் முறுக்கைச் சாப்பிட்டுச் சிரித்துப் பேசி வாருங்கள். காவடி எடுப்பவனுக்குத் தாகம் என்றால் தண்ணீர் கொடுங்கள். தாகத்துக்கு மதம் இல்லை. சாமி கும்பிடும் நேரம் வரும்போது ஓரமாக மரியாதையோடு நில்லுங்கள், ஏன் என்று கேட்டால் அமைதியாகச் சொல்லுங்கள். சொந்தங்களுக்கு உங்கள் எல்லை முன்பே தெரிந்திருந்தால் அந்த இடத்தில் யாருக்கும் சங்கடம் வராது. பிறர் சமயச் சடங்கில் பங்கெடுக்க யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசியலமைப்பும் அதே பன்னிரண்டாம் விதியில் காப்பளிக்கிறது. முஸ்லிம் நண்பர்களிடம் வேறு சமயத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தச் சட்டமியற்ற பதினோராம் விதி இடம் தருகிறது, சிலாங்கூரில் அப்படியொரு சட்டம் 1988 முதல் இருக்கிறது. அதை மதியுங்கள். அந்த நண்பர்கள் உங்கள் உண்மையையும் அன்பையும் காண்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

கடைசியாக, இந்த நூலைப் படிக்கிற வாலிபர் ஐக்கியத் தலைவர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படிவம் ஐந்து மாணவருக்கு வெள்ளி இரவு ஜெபக்கூட்டம், சனி மாலை பாடல் பயிற்சி, ஞாயிறு காலை ஆராதனை, மதியம் ஐக்கியக் கூட்டம் என்று அடுக்கிவிட்டு, வராதவரை விசுவாசத்தில் குளிர்ந்தவர் என்று பேசாதீர்கள். நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை தேவனுக்குரிய முதலிடம் ஆகாது. பரீட்சை ஆண்டில் ஞாயிறு ஆராதனையும் தினசரி ஜெபமும் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் அந்தப் பிள்ளைகளுக்குச் சபையே விடுப்புக் கொடுக்கட்டும். வார நாள் மாலைகளில் ஆலய மண்டபம் பூட்டித்தானே கிடக்கிறது. விளக்கும் மின்விசிறியும் போட்டு, கணக்கும் அறிவியலும் தெரிந்த இரண்டு அண்ணன்மார், அக்காமாரை உட்கார வைத்து, அங்கேயே படிக்கச் சொல்லுங்கள். டியூஷன் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை, எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், பாடம் படிக்க வரலாம் என்று வாசலில் எழுதிப் போடுங்கள்.